ஹெர்குலிஸுக்கு அப்பா ஆம்பிட்ரியோன்தான்

நடுவர் அவர்களே, வணக்கம். கிரேக்கப் புராண வீரர் ஹெர்குலிஸின் தந்தை யார், கடவுள்களின் அரசன் ஜீயஸா, மனிதரான ஆம்பிட்ரியோனா? பலத்தைக் கொடுத்தவர்தான் அப்பா என்று அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தோழர். அந்தப் பலம் எந்த வழியில் வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஆம்பிட்ரியோன் போருக்குப் போனதே மனைவி அல்க்மினிக்காகத்தான். தன் சகோதரர்களைக் கொன்றவர்களைப் பழிவாங்கிய பிறகே உங்களோடு கூடி வாழ்வேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அவர் ஜெயித்துத் திரும்புவதற்கு முந்தின இரவு, அவர் உருவத்திலேயே வந்து நிற்கிறார் ஜீயஸ். போரில் நடந்ததையெல்லாம் தானே செய்ததுபோல் சொல்கிறார். சீக்கிரம் விடிந்துவிடக் கூடாதாம், ஒரு இரவை 3 இரவாக நீட்டுகிறார்! அப்புறம் ஆம்பிட்ரியோன் ஆசையோடு வருகிறார். மனைவி முகத்தில் பெரிய மகிழ்ச்சி இல்லை. ஏன் என்றால், "நேற்று ராத்திரிதானே வந்தீர்கள்" என்கிறாள். போரில் ரத்தம் சிந்தியவர் ஒருவர், வரவேற்பை வாங்கிக்கொண்டவர் இன்னொருவர்.

கோபத்தில் அல்க்மினியை எரிக்கப் பார்த்தவர்தானே ஆம்பிட்ரியோன் என்று எதிரணி கேட்டது. ஒரு மரபில் அப்படி ஒரு கதை இருக்கிறது, மறுக்கவில்லை. அதை நியாயப்படுத்தவும் மாட்டேன். அவளும் ஏமாற்றப்பட்டவள். ஆனால் அந்த வீட்டில் தீ மூட்டிய பொய் யாருடையது?

பிறந்தது இரட்டைப் பிள்ளைகள். ஹெர்குலிஸ் ஜீயஸுக்கு, இஃபிக்ளிஸ் ஆம்பிட்ரியோனுக்கு. தெரிந்தும் இருவரையும் ஒரே வீட்டில் வளர்த்தார். தேர்ப் பந்தயத்தில் திரும்பும் இடத்துத் தூணில் சக்கரத்தின் நடுவிலுள்ள குடம் உரசாமல் குதிரைகளை எப்படித் திருப்புவது என்பதை ஹெர்குலிஸுக்கு அன்போடு கற்றுக்கொடுத்தவர் ஆம்பிட்ரியோன் என்று பாடுகிறார் கிரேக்கக் கவிஞர் தியோகிரிட்டஸ். ஜீயஸ் எதைக் கற்றுக்கொடுத்தார்?

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் யூரிபிடிஸ் எழுதிய நாடகத்துக்கு வாருங்கள். ஹெர்குலிஸ் ஊரில் இல்லை. அவர் பிள்ளைகளைக் கொல்ல நிற்கிறான், ஆட்சியைப் பிடித்துக்கொண்ட லைகஸ். பேரப்பிள்ளைகளோடு ஜீயஸின் பலிபீடத்தில் தஞ்சம் புகுந்த கிழவர் ஆம்பிட்ரியோன், அந்த ஜீயஸிடமே கேட்கிறார்: திருட்டுத்தனமாகப் படுக்கைக்கு வரத் தெரிந்த உனக்கு, உன்னைச் சேர்ந்தவர்களைக் காப்பாற்றத் தெரியவில்லையே! நான் மனிதன், ஆனாலும் குணத்தில் உன்னை மிஞ்சிவிட்டேன்.

அதே நாடகத்தின் கடைசிப் பகுதி. ஜீயஸின் மனைவி ஹீரா ஏவிய பைத்தியத்தில் மனைவி மக்களைத் தன் கையாலேயே கொன்றுவிட்டு, நொறுங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார் ஹெர்குலிஸ். அந்த நேரத்தில் கிழவரைப் பார்த்துச் சொல்கிறார்: ஜீயஸை அல்ல, உங்களைத்தான் என் தந்தையாக நினைக்கிறேன்.

நடுவர் அவர்களே, பிள்ளையே சாட்சி சொல்லிவிட்டார். எதிரணி இப்போது பதில் சொல்லட்டும்.