ஆர்வி வாட்டர் ஹீட்டரின் எலிமென்ட் ஏன் எரிந்து போகிறது?

வணக்கம் நண்பர்களே. ஆர்வி வண்டியின் (வீடுபோலத் தங்கிப் பயணிக்கும் வண்டி) வாட்டர் ஹீட்டரில், தண்ணீரைச் சூடாக்கும் மின்பாகமான எலிமென்ட் எரிந்துவிட்டால், பொருளே தரமற்றது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான வேளைகளில், தொட்டியில் தண்ணீர் இல்லாதபோது சுவிட்சைப் போட்டதுதான் காரணமாக இருக்கும்; அதைக் கண்டறியாமல் புதிய எலிமென்டைப் பொருத்தினால் அதுவும் எரிந்து போகும்.

எலிமென்டின் உள்ளே நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலப்புலோகம்) கம்பிச் சுருளும், அதைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூளும், அதற்கு வெளியே உலோக உறையும் இருக்கின்றன. வட அமெரிக்க வண்டிகளில் பரவலாகக் காணப்படும் எலிமென்ட் 120 வோல்ட்டில் ஏறத்தாழ 1440 வாட் ஆற்றலை வெப்பமாக்குகிறது. அந்த வெப்பத்தைத் தண்ணீர் உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும். காற்றால் அது முடியாது என்பதால், காலித் தொட்டியில் உறை மிக விரைவில் பழுக்கச் சிவந்து வெடிக்கிறது, அல்லது உள்ளிருக்கும் கம்பி அறுந்துவிடுகிறது. சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் காப்பாற்றாதா என்று நீங்கள் கேட்கலாம். அது தொட்டியின் வெளிச்சுவரின் சூட்டை மட்டுமே உணர்வதால், அந்தச் சுவர் சூடேறுவதற்குள் எலிமென்டின் கதை முடிந்துவிடும்.

இதில் நான் மிகவும் அஞ்சுவது பைபாஸ் வால்வைத்தான். குளிர்காலத்தில் குழாய்களுக்குள் உறைதடுப்புத் திரவத்தைச் செலுத்தும்போது, அது காலி செய்த தொட்டிக்குள் போகாதபடி இந்த வால்வைத் திருப்பி வைப்பார்கள். வசந்தத்தில் அதைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்துவிட்டால், குளிர்நீர் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வெந்நீர்க் குழாய்க்குள் நேராகப் போய்விடும். வெந்நீர்த் திருகைத் திறந்தால் தண்ணீர் தாராளமாகக் கொட்டும், ஆனால் தொட்டியில் ஒரு சொட்டுகூட இருக்காது. ஆகையால் குழாயில் தண்ணீர் வருகிறது என்பதை மட்டும் நம்பிச் சுவிட்சைப் போடாதீர்கள். வால்வின் நிலையை முதலில் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். பிறகு காற்று வெளியேறி, தடங்கலின்றி நீர் ஒழுகும்வரை வெந்நீர்த் திருகைத் திறந்து வைத்திருங்கள். ஹீட்டர் குளிர்ந்திருக்கும்போது அழுத்த நிவாரண வால்வின் (அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு) நெம்புகோலை லேசாகத் தூக்கினால், அங்கும் தண்ணீர் வர வேண்டும்.

உப்பு மிகுந்த தண்ணீர் இன்னொரு காரணம். படியும் சுண்ணாம்பு ஓடு போல இறுகி வெப்பத்தை வெளியே விடாமல் தடுப்பதால், தண்ணீருக்குள் மூழ்கியிருந்தும் எலிமென்ட் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அவ்வப்போது தொட்டியை வடித்துக் கழுவி, அடியில் தங்கும் வண்டலை வெளியேற்றினால் இது பெருமளவு குறையும்.

கழற்றிய எலிமென்டை எறிந்துவிடாமல் உற்றுப் பாருங்கள். உறை கொப்புளித்தோ பிளந்தோ இருந்தால் வறண்ட தொட்டியையும், வெள்ளைப் படிவு தடித்திருந்தால் தண்ணீரையும் முதலில் சந்தேகியுங்கள். ஆனால் கழற்றுவதற்கு முன்பே மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டித்து, எலிமென்டின் இணைப்புக் கம்பிகளை விடுவித்து, மல்டிமீட்டரால் எலிமென்டின் மின்தடையை அளந்துவிடுங்கள். 1440 வாட் எலிமென்ட் நல்ல நிலையில் இருந்தால் சுமார் 10 ஓம் காட்டும், எல்லையற்ற மின்தடை காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. எலிமென்டின் இணைப்பு முனைக்கும் தொட்டியின் உலோகத்துக்கும் இடையே மின் தொடர்பு தெரிந்தால், உறை உடைந்து மின்கசிவு ஏற்பட்டிருக்கிறது. அந்த நிலையில் பிரேக்கரை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கவே கூடாது.