தோல் பதனிடுகிறவன் வீட்டில் பேதுரு

சபையாருக்கும் போதகர் ஐயாவுக்கும் என் ஸ்தோத்திரம்.

'திறந்த மனமுள்ள விசுவாசம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இதைக் கேட்டதுமே சிலருக்குக் கொஞ்சம் பயம் வரும். எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டால் அப்புறம் விசுவாசம் என்று என்ன மிஞ்சும்? அக்கறையுள்ளவர்கள் கேட்கிற கேள்வி இது. பேதுருவுக்கே இந்தப் பயம் இருந்தது. அதனால் அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

யோப்பாவில் பேதுரு தங்கியிருந்தது யார் வீட்டில்? சீமோன் என்கிற தோல் பதனிடுகிறவன் வீட்டில். கடலோரத்து வீடு. செத்த மிருகத்தைத் தொட்டுச் செய்கிற வேலை. யூதர்கள் அதைத் தாழ்வாகப் பார்த்தார்கள். நம் ஊரில் அந்த வேலை செய்தவர்களை எங்கே குடியிருக்க வைத்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டின் மாடியில், நல்ல பசி நேரத்தில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோதுதான், யூதர்கள் தீட்டென்று சாப்பிடாத மிருகங்கள் பேதுருவுக்குத் தரிசனத்தில் தெரிகின்றன, அடித்துச் சாப்பிடு என்கிற சத்தம் வருகிறது. அவர் மறுத்ததும் மறுபடி கேட்கிறது: "தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே." மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பேதுரு செசரியாவுக்குப் போய், கொர்நேலியு என்கிற ரோமப் படை அதிகாரியின் வீட்டுக்குள் நுழைகிறார். கொர்நேலியு புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர். திரும்பி எருசலேமுக்கு வந்ததும் சொந்தச் சபையாரே அவரை மறித்துக் கேட்கிறார்கள். என்ன பிரசங்கித்தாய் என்று கேட்கவில்லை. புறஜாதியார் வீட்டுக்குப் போய் அவர்களோடு ஏன் சாப்பிட்டாய் என்று கேட்கிறார்கள். ஆதிச் சபையின் முதல் பெரிய சண்டைகளில் ஒன்று பந்தியைப் பற்றியது.

இத்தனையும் நடந்த பிறகு, இதே பேதுரு அந்தியோகியாவில் மறுபடி பின்வாங்குகிறார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகிக்கொள்கிறார். பவுல் முகத்துக்கு முகம் எதிர்த்தார். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த இடம் அது. தரிசனம் கண்ட அப்போஸ்தலனே நழுவினார் என்பதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு தலைமுறை திறந்த கதவை அடுத்த தலைமுறை சாத்திவிட முடியும் என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

நம் கதைக்கு வருகிறேன். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேற்றுமை உடனே, முழுமையாக ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். அப்போது ஆலயத்துக்குள்ளேயே ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் பாத்திரம் யார் கைக்குப் பிறகு யார் கைக்குப் போவது என்பதில் தகராறு. கர்த்தருடைய இரத்தம் என்று சொல்லிக் கொடுக்கிற பாத்திரத்தில் தீட்டுப் பார்த்தார்கள்! கடிதம் வந்ததும் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார். அவருடைய பாட்டுகளை உருகிப் பாடுகிறவன் நான். இனியும் பாடுவேன். ஆனால் இந்த விஷயத்தில் அவர் எடுத்த நிலை சுவிசேஷத்துக்கு எதிரானது என்று சொல்லாமல் இருக்க முடியாது.

கத்தோலிக்கச் சகோதரர்களிடமும் இதே கதைதான். வடக்கன்குளம் ஆலயத்தை 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு பிரிவாகக் கட்டினார்கள்; ஒரே பீடம், சாதி பார்த்து உட்காரத் தனித்தனிக் கூடம். பின்னால் குருமார் தடுப்பை எடுத்தபோது, அதை எதிர்த்தவர்கள் போட்ட வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. தடுப்பை எடுத்ததால் பீடம் இடிந்து விழவில்லை. விசுவாசம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்.

நம் தென்னிந்தியத் திருச்சபையே (சி.எஸ்.ஐ.) இப்படித் தடுப்பை எடுத்துப் பிறந்ததுதான். சபைகளை ஒன்றாக்குவதைப் பற்றிப் பேச 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்களில் பெரும்பாலோர் நம் நாட்டவர். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயர் முன்னணியில் நின்றார். வெளிநாட்டில் நடந்த சண்டைகளால் வந்த பிரிவினையை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். பேராயர் கை வைத்து அபிஷேகம் பெறாதவர் போதகரா என்று பல வருஷம் வாதம் நடந்தது. கடைசியில் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரகேஷனல் மரபினர் ஒரே சபையானார்கள். யாருக்கும் மறு அபிஷேகம் கேட்கவில்லை. அசரியா அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1945-இலேயே காலமாகிவிட்டார்.

திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கிறோமே, அந்த முறையைக் கவனியுங்கள். என் வலது உள்ளங்கை உங்கள் வலது உள்ளங்கையில் பட வேண்டும். இடது கையால் ஒருவர் கையை ஒருவர் மூட வேண்டும். கேரளத்துச் சிரியன் சபையாரிடமிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம் இது. 1833-இல் பாத்திரத்துக்கு யோசித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உள்ளங்கையோடு உள்ளங்கை வைக்கிறார்கள். சும்மா தலையை ஆட்டிவிட்டு உட்காராதீர்கள், தொட்டுக் கொடுங்கள்.

பெண்கள் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் வாதாட இனி ஒன்றுமில்லை. 2013-இல் நந்தியால் பேராயராகப் புஷ்பலலிதா அம்மையார் பொறுப்பேற்றார். இங்கிலாந்து திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் 2015-இல்தான் வந்தார். நாம் முந்திக்கொண்டோம். ஆனால் சபைகளை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிகளில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், சொல்லுங்கள்?

பிற சமயத்தாரைப் பற்றிக் கேட்பீர்கள். கொர்நேலியு வீட்டில் பேதுரு வாய் திறந்து சொன்ன முதல் செய்தி என்ன? எந்த ஜனத்திலாயினும் தேவனுக்குப் பயந்து நீதியைச் செய்கிறவன் அவருக்கு உகந்தவன். கொர்நேலியு ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்னால் சொன்னது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப்பாக இருந்தவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனை பாடினார், கிறிஸ்தவராகவே வாழ்ந்து மறைந்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் வத்திக்கான் சங்கத்தில், மற்றச் சமயங்களில் உண்மையும் பரிசுத்தமுமாய் இருப்பதைத் தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. நான் இயேசுவை ஆண்டவர் என்று அறிக்கையிடுகிறேன். அதிலிருந்து ஒரு எழுத்தும் குறையாது. அதற்காக என் அடுத்த வீட்டுக்காரரின் ஜெபத்தை இளக்காரமாகப் பேச எனக்கு உரிமை கிடையாது.

நம் பக்கத்து அசனத்தை, சபை ஊருக்கே போடுகிற விருந்தைப் பாருங்கள். இரவெல்லாம் அடுப்பு எரிகிறது. சோற்றைப் பாயில் கொட்டி ஆற வைக்கிறோம். வாலிபர்கள் வாளியோடு ஓடி ஓடிப் பரிமாறுகிறார்கள். இந்து வீட்டாரும் முஸ்லிம் வீட்டாரும் வந்து சாப்பிட்டுவிட்டுத் தூக்குச்சட்டியிலும் வாங்கிப் போகிறார்கள். நம் ஜனத்துக்குத் திறந்த மனம் இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அசனத்தில் இருக்கிற மனம் கல்லறைத் தோட்டத்துக்கு வரவில்லை, அங்கே சாதி பார்த்துத் தனி வரிசை. கல்யாண விளம்பரத்தில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரும் நிற்கிறது. ஒரு திருநங்கை ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்தால் எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று முணுமுணுக்கிறோம். மோசேயின் நியாயப்பிரமாணம் சபைக்கு வெளியே நிறுத்தியிருந்த அண்ணகர்களில், அதாவது விதையடிக்கப்பட்டவர்களில் ஒருவர், அந்த எத்தியோப்பிய அதிகாரி, "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று பிலிப்புவிடம் கேட்டார். பிலிப்பு தடை எதையும் தேடவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

சரி, என் வேண்டுகோள் இது. அடுத்த சேகரக் கமிட்டி கூட்டத்தில் மூன்று காரியத்தை எழுத்தில் வையுங்கள். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கும் தனி வரிசை இல்லை. கமிட்டியில் பாதி இடம் பெண்களுக்கு. ஆலயத்துக்கு வருகிற திருநங்கையர் விரும்பிய இடத்தில் உட்காரலாம், திருவிருந்தும் உண்டு. யாராவது எதிர்த்தால், கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசியுங்கள்.