276 பேர் கரைசேர்ந்த கப்பல்

(கடற்கரைப் பங்கு ஒன்றின் பத்து நாள் திருவிழாவின் எட்டாம் நாள் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

மாலைத் திருப்பலியை நிறைவேற்றிவிட்டு, களைப்பைப் பாராமல் கூட்டத்துக்கும் தலைமை ஏற்றிருக்கும் வட்டார முதன்மைப் பணியாளர் அவர்களே, என்னை அழைத்த பங்குத்தந்தை அவர்களே, பங்குப் பேரவைத் துணைத்தலைவர், செயலர், பொருளாளர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பக்கத்து ஊரிலிருந்து அன்போடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சி.எஸ்.ஐ. சபையின் போதகர் ஐயா அவர்களே, அழைத்தவுடன் வந்த மீன்வளத்துறை அலுவலர் அவர்களே, கன்னியர் மடத்துச் சகோதரிகளே, பத்து நாளும் பந்தலைக் காக்கும் இளைஞர்களே, அன்பியப் பொறுப்பாளர்களான தாய்மாரே, கடலுக்குப் போகாமல் இன்று கரையில் தங்கிய என் அண்ணன் தம்பிகளே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் போட்ட சால்வையை, இந்த ஊரில் 60 வருடத்துக்கு மேல் கடலோடிய பெரியவருக்குப் போடும்படி பங்குத்தந்தையைக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு 'கடவுளின் திட்டமும் மனிதனின் சுதந்திரமும்'. மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். நாம் விதி என்று சொல்வதும், கடவுளின் திட்டம் என்று திருச்சபை சொல்வதும் ஒன்றுதானா? எல்லாம் கடவுளுக்கு முன்பே தெரியும் என்றால் நான் தேர்ந்துகொள்ள என்ன இருக்கிறது? நல்லவர்களுக்கு ஏன் துன்பம்? மூன்றுக்கும் முன்னால், என் அப்பா ஓயாமல் சொன்ன பழமொழியை வைக்கிறேன்: விதியை மதியால் வெல்லலாம்.

முதல் கேள்வி. புனித அகுஸ்தீன் 354ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். வாலிப வயதில் சோதிடப் பைத்தியம் பிடித்து அலைந்தார். அதிலிருந்து அவரை விடுவித்தது ஒரு நண்பர் சொன்ன செய்தி. அந்த நண்பர் பிறந்த அதே நேரத்தில், அவர் அப்பாவுக்குத் தெரிந்தவர் வீட்டில் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் குழந்தை பிறந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் கணித்த ஜாதகம் ஒன்று. ஒருவர் செல்வத்தில் வளர்ந்தார், மற்றவர் அடிமையாகவே உழைத்தார். அகுஸ்தீனுக்கு அது போதுமானதாக இருந்தது. கிரகத்தில் எழுதியிருக்கிறது என்ற பேச்சைத் திருச்சபை அன்றிலிருந்து இன்றுவரை ஏற்கவில்லை. அதே அகுஸ்தீன், மனிதன் தன் பலத்தாலேயே மீட்படைய முடியும் என்று பெலாஜியுஸ் கூட்டத்தார் சொன்னபோது, கடவுளின் அருள் இல்லாமல் ஓர் அடிகூட எடுக்க முடியாது என்று கடைசிவரை வாதாடினார். ஆனாலும் ஒரு மறையுரையில் அவர் சொன்னதை நாம் மனப்பாடம் செய்ய வேண்டும்: நீ இல்லாமலே உன்னைப் படைத்தவர், நீ இல்லாமல் உன்னை நீதிமானாக்குவதில்லை.

இரண்டாவது கேள்வியில் பெரிய பெரிய மூளைகள் மோதியிருக்கின்றன. 529இல் இன்றைய பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், தீமை செய்வதற்கென்று கடவுள் யாரையும் முன்குறிப்பதில்லை என்று உறுதியாகச் சொன்னது. மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு என்று கத்தோலிக்க அறிஞர் எராஸ்முஸ் 1524இல் எழுத, மறு வருடமே சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் மறுத்து எழுதினார். போதகர் ஐயாவுக்குத் தெரியும், சீர்திருத்த சபைகளுக்குள்ளேயே யார் மீட்படைவார் என்பதைக் கடவுளே முன்குறித்துவிட்டார் என்று கால்வின் ஒரு வழி, அருளை ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையில் என்று வெஸ்லி ஒரு வழி. திருச்சபையின் பெரிய இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் சொன்னது எனக்கு எளிதாகப் படுகிறது: மனிதனுக்குச் சுதந்திரம் இல்லையென்றால் அறிவுரைக்கும் கட்டளைக்கும் தண்டனைக்கும் அர்த்தமே இல்லாமல் போய்விடும். சரி, இதை விவிலியத்திலிருந்தே பார்ப்போம். திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம். கடல் தெரிந்தவர்கள் நீங்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பவுலடியாரைக் கைதியாக உரோமைக்குக் கொண்டுபோகிறார்கள். அலெக்சாந்திரியாவிலிருந்து கோதுமை ஏற்றி வந்த கப்பல். கிரேத்துத் தீவில் ஒரு துறையில் ஒதுங்குகிறார்கள். பருவம் தப்பிவிட்டது. பவுல் சொல்கிறார்: ஐயா, இதற்கு மேல் போகவேண்டாம், சரக்கும் போகும், கப்பலும் போகும், உயிரும் போகும். கைதிகளைக் கொண்டுபோன உரோமைப் படை அதிகாரி, நூற்றுவர் தலைவர், யாரைக் கேட்டார்? கப்பலோட்டியையும் கப்பல் முதலாளியையும் கேட்டார். தென்காற்று இதமாக அடித்தது, நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரந்தான். தீவிலிருந்து வடகிழக்குப் பேய்க்காற்று இறங்கியது. கப்பலைத் திருப்ப முடியவில்லை, காற்றின் போக்கில் விட்டுவிட்டார்கள். கப்பல் பிளந்துவிடாமல் வடத்தால் சுற்றிக் கட்டினார்கள். மறுநாள் சரக்கை எறிந்தார்கள், மூன்றாம் நாள் கப்பல் தளவாடங்களை எறிந்தார்கள். பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அப்படி ஓர் இருட்டில் இருந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள், அதை நான் உங்களுக்கு விளக்க வேண்டாம்.

அப்போது பவுல் எழுந்து சொன்னார்: கடவுளின் தூதர் என்னிடம் வந்தார், கப்பல்தான் போகும், உங்களில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது. கடவுளின் வாக்கு அது. பதினான்காம் நாள் இரவு, கரை பக்கம் என்று தோன்றி ஆழம் பார்க்கிறார்கள். இருபது பாகம், ஒரு பாகம் என்பது ஏறக்குறைய ஆறு அடி. இன்னும் கொஞ்சம் போய்ப் பார்த்தால் பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடும் என்று பயந்து பின்பக்கம் நான்கு நங்கூரம் போட்டார்கள். அந்த நேரத்தில் கப்பலாட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அணியத்தில், அதாவது கப்பலின் முன்பக்கம், நங்கூரம் போடப்போவதாகப் பாசாங்கு செய்து சிறு படகை இறக்கினார்கள். தாங்கள் மட்டும் தப்பி ஓடுவதற்கு!

பவுல் பார்த்துவிட்டார். ஒருவரும் சாகமாட்டீர்கள் என்று கடவுளே சொல்லியாயிற்று, போகிறவன் போகட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கலாம். அவர் படைவீரர்களிடம் சொன்னது என்ன? இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமுடியாது. வீரர்கள் படகின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். விடியும் நேரத்தில் பவுல் எல்லாரையும் சாப்பிட வைத்தார், நீந்தத் தெம்பு வேண்டுமே. மொத்தம் 276 பேர். நீந்தத் தெரிந்தவன் நீந்தினான், மற்றவர்கள் பலகையைப் பிடித்தும் உடைந்த கட்டையைப் பிடித்தும் போனார்கள். இன்றைக்கு மால்டா என்கிறோமே, அந்தத் தீவில் 276 பேரும் கரையேறினார்கள்.

கடவுளின் வாக்கு நிறைவேறியது. எதன் வழியாக நிறைவேறியது? நங்கூரம், ஆழம் பார்த்த கயிறு, கப்பலை விட்டுப் போகாத ஆட்கள், வயிற்றுக்குள் போன அப்பம், பிடித்த பலகை. அவருடைய திட்டம் நம் கை வழியாகத்தான் நடக்கிறது. விதியை மதியால் வெல்லலாம் என்று என் அப்பா சொன்னதை நான் இந்த அதிகாரத்தில்தான் புரிந்துகொண்டேன்.

மூன்றாவது கேள்வி, நல்லவர்களுக்கு ஏன் துன்பம்? இதற்கு நம் கதைக்கே வருகிறேன். 2017 நவம்பர் 30. ஒக்கி புயல். நம் குமரி மாவட்டக் கடற்கரையில் நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை எட்டு ஊரிலும் ஓலம். ஆழ்கடலில் நாள்கணக்காகத் தங்கித் தொழில் செய்கிறவர்கள் எச்சரிக்கை வருவதற்கு எவ்வளவோ முன்பே போய்விட்டார்கள். புயல் வருகிறது என்று சொல்ல அவர்களுக்கு எட்டுகிற கருவி இல்லை. கரைக்குப் பக்கத்தில் பேசுகிற வயர்லெஸ் அங்கே கேட்காது. துக்க வீடுகளுக்குப் போனபோது, பெரிய மனிதர்கள் அந்தத் தாய்மாரிடம் "கடவுள் சித்தம், என்ன செய்ய" என்று சொன்னதைக் கேட்டேன். என் நெஞ்சு எரிந்தது. எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று இயேசு கேட்டார், இல்லை என்றும் அவரே சொன்னார். கருவி இல்லாத படகைக் கடவுள் கணக்கில் எழுதாதீர்கள்!

2004 சுனாமியில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ ஊர் தப்பியது எப்படி? சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி பார்த்துப் போன் செய்தார். ஊரில் இருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள், சனங்கள் ஓடிப் பிழைத்தார்கள். ஒரு போன், ஓர் ஒலிபெருக்கி. நம் கோயில் கோபுரத்திலும் ஒலிபெருக்கி இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கவும் அனுப்பவும் முடிகிற இருவழிக் கருவியை இஸ்ரோ உருவாக்கியிருக்கிறது. அது இல்லாத படகு நம் ஊரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகக்கூடாது. மீன் கிடக்கும் இடம் அடுத்தவனுக்குத் தெரிந்துவிடும் என்று அதை அணைத்து வைக்காதீர்கள். வலை இழுக்க இடைஞ்சல் என்று லைஃப் ஜாக்கெட்டை மூட்டை கட்டிப் போடாதீர்கள், பவுலோடு வந்தவர்களுக்கு ஒரு பலகையாவது கிடைத்தது. வானிலை அறிவிப்பைக் காலையும் மாலையும் கோயில் ஒலிபெருக்கியில் வாசிக்கப் பங்குத்தந்தை இசைந்திருக்கிறார், அவருக்கு நம் கைதட்டல். தாய்மாரே, ஜாக்கெட் இல்லாமல் உங்கள் பிள்ளையை வாசலைத் தாண்ட விடாதீர்கள். விதியை மதியால் வெல்லலாம் என்று நீங்கள் சொன்னால் அவன் கேட்பான்.

பங்குப் பேரவைச் செயலர் இப்போது இதற்கான தீர்மானத்தை வாசிப்பார், சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள். மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறது. மீன்வளத்துறை அலுவலர் அங்கே ஒன்பது மணி வரை இருப்பார். படகுப் பதிவுச் சான்றும் ஆதாரும் கையில் வைத்திருப்பவர்கள் கருவிக்கு இன்றைக்கே பெயர் கொடுத்துவிடலாம்.