மலைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் இடையில்

வணக்கம் நேயர்களே. குடும்ப நல உத்தியோகத்தராக, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் 27 ஆண்டுகள் ஏறி இறங்கியவள் என்ற முறையில் உங்களோடு பேசுகிறேன். 2016ஆம் ஆண்டின் நாடளாவிய சுகாதார மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். சம்பளக் குறைவும் கடனும் இதற்குக் காரணம் என்பது நீங்கள் அறிந்ததே. நான் பேச வந்தது, தாய் வேலை செய்யும் கொழுந்து மலைக்கும், பிள்ளைகளை விட்டுச்செல்லும் பராமரிப்பு இடமான பிள்ளைக்காம்பராவுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி.

ஒரு தோட்டத்தில், பிறக்கும்போது 2 கிலோ 700 கிராம் இருந்த குழந்தையின் வளர்ச்சிக் கோடு மூன்றாம் மாதம்வரை நன்றாக ஏறி, தாய் மீண்டும் வேலைக்குப் பேர் போடத் தொடங்கியதும் படுத்துவிட்டது. காரணம் தேடி லயத்துக்குப் போனேன். அப்பாயியின் மடியில் குழந்தை கிடந்தது. அவர் கையிலிருந்த பால்போத்தலில் சீனி போட்ட சாயத்தண்ணீர், அதாவது பால் கலக்காத தேநீர், இருந்தது. “பச்சத்தண்ணியா தாயி குடுத்தேன்? கொதிக்க வச்சு ஆத்தித்தானே குடுக்கிறேன்” என்றார். ஏழு பிள்ளைகளை அப்படியே வளர்த்தவரை எப்படிக் குறை சொல்வது? அதே வேளையில் ஒன்றரை மைல் மேலே, கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்குக்கு மேல் தாயின் சட்டை பால் கசிந்து நனைந்திருந்தது.

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட வேலை நேரத்தில் இரண்டு இடைவேளைகள் சட்டத்தில் உண்டு. ஆனால் இறங்கி ஏறவே அந்த நேரம் போதாது; கொழுந்து நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழும். ஆகவே விடியற்காலையில் தாய்ப்பாலைக் கையால் பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய கோப்பையில் மூடிவைத்து, நான்கு மணித்தியாலத்துக்குள் கரண்டியால் ஊட்ட அப்பாயிக்குக் காட்டிக்கொடுத்தேன். அடுத்த கிளினிக்கில் அந்தக் கோடு சற்று நிமிர்ந்திருந்தது. மீண்டும் சொல்கிறேன்: ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே, சாயத்தண்ணீர் ஒரு கரண்டிகூட வேண்டாம்.

அதன் பின்பும் சோற்றோடும் ரொட்டியோடும் தேநீர் கொடுக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேராதபடி அது தடுக்கிறது. நெத்தலியை வறுத்துப் பொடித்துக் குழைசோற்றில் பிசைந்து ஊட்டுங்கள். கர்ப்பிணிக்கென்று கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவை வீடே பங்கிட்டுக்கொண்டால், அவளுக்கு மிஞ்சுவது ஒரு பிடிதான்.

குடிநீரைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் முடிகிறது. மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் மேல் லயத்துக் கழிவு அதில் கலந்திருக்கக்கூடும் என்பதால் கொதிக்கவைத்தே கொடுங்கள். வயிற்றோட்டம் கண்டால் தாய்ப்பாலை நிறுத்தாமல், ஜீவனி என்னும் உப்புச்சீனித் தூளைக் கரைத்து ஊட்டிக்கொண்டே, அன்றைக்கே டிஸ்பென்சரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். வணக்கம்.