ஜப்பான் ரயில் பாஸுக்கு முன் ஓர் இன்ச் டேப்

வணக்கம் சொந்தங்களே! இன்று கொடிவேரி காணொளி போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். நேற்று இரவு திருப்பூரிலிருந்து அண்ணன், அதாவது சித்தப்பா மகன், போன் செய்தார். அப்போதிருந்து எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை.

அண்ணனும் அண்ணியும் ஜப்பான் போகிறார்கள். டோக்கியோவில் இறங்குவது, ஒசாகா போவது, மறுபடி டோக்கியோ வந்து விமானம் ஏறுவது. அவ்வளவுதான் பயணம். இதற்கு ஆளுக்கு ஒரு ஏழு நாள் ரயில் பாஸ் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டிராவல்ஸ்காரர். ஒருமுறை பணம் கட்டினால் ஏழு நாளும் ரயிலில் எத்தனை ஊர் வேண்டுமானாலும் சுற்றலாம், அதுதான் பாஸ். "வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கிற சலுகை, விட்டுவிடாதீர்கள்" என்றாராம்.

எது சலுகை? 2023 செப்டம்பர் வரை அந்த பாஸ் 29,650 யென். ஒசாகா போய்வர டிக்கெட்டும் ஏறக்குறைய அதே விலைதான்; கூடவே இன்னோர் ஊர் போனால் அத்தனையும் லாபம். அக்டோபரில் அதையே 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். இரண்டு பேருக்கு 1 லட்சம் யென். தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் இரண்டு பேருக்கும் 60,000 யென்னுக்குள் முடிந்துவிடும். மிச்சம் நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல்! ஃபுகுவோக்கா வரை போய், வழியில் ஹிரோஷிமாவில் இறங்கி, ஒரே வாரத்தில் டோக்கியோ திரும்புகிறவர் பாஸ் எடுக்கட்டும். அண்ணனுக்கு எதற்கு? அதோடு, இருப்பதிலேயே வேகமான நொசோமி ரயிலில் ஏற பாஸ் வைத்திருந்தாலும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதை அந்த மனிதர் வாய் திறந்து சொல்லவே இல்லை.

சரி, பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். எதையும் அளந்து பார்க்கும் என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். மேட்டுப்பாளையம் மலை ரயிலில் ஜன்னல் அகலத்தைக்கூட அளந்து காட்டினேன். அப்படிப்பட்ட நான் ஜப்பானுக்குக் கிளம்பும்போது பெட்டியை அளக்கவில்லை. ஒசாகா போகும் புல்லட் ரயிலில் நடத்துநர் வந்தார். ரயில் பெட்டிக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுத்தான் அடியெடுத்து வைக்கிறார். என் சூட்கேஸைப் பார்த்தார். ஓர் அட்டையைக் காட்டினார். அதில் ஒரு பெட்டிப் படம், பக்கத்தில் 160 என்ற எண். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் 1,000 யென். கட்டினேன். அந்த முன்பதிவுக்குத் தனிக் கட்டணமே கிடையாது என்று பிறகு தெரிந்ததும்தான் வயிறு எரிந்தது.

அன்று ராத்திரி அறையில் இன்ச் டேப்பை எடுத்தேன். 78, 52, 34. கூட்டினால் 164. நான்கே சென்டிமீட்டர்! நம் விரல் இரண்டு, மூன்று அகலம்.

திரும்பும்போது விடவில்லை. ஸ்டேஷன் இயந்திரத்தில் பெரிய பெட்டிக்கான இருக்கையைத் தேடினேன். அது கடைசி வரிசை. முதுகுப் பக்கம் இருக்கைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடம் நம் பெட்டிக்கு. அதிலும் ஈ இருக்கை காலியாக இருந்தது! அடடா, ஈ என்றால் என்னவென்று சொல்லாமல் ஓடுகிறேன். ஒரு வரிசையில் ஏ, பி, சி மூன்றும் கடல் பக்கம். டி, ஈ இரண்டும் மலைப் பக்கம். ஃபூஜி மலை ஈ ஜன்னலில்தான் தெரியும். பெட்டிக்கும் இடம், எனக்கு ஃபூஜியும். ஷின் ஃபூஜி ஸ்டேஷன் பக்கம் வந்தபோது வானத்தில் ஒரு மேகம் இல்லை. உச்சியில் பனி, அடியில் வீட்டுக் கூரைகள். போனை எடுக்க மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அதனால்தான் அந்தக் காணொளியில் ஃபூஜி பாதியில் ஆரம்பிக்கும்.

நம் கோபிக்கு இன்றும் ரயில் இல்லை. ரயில் பார்க்க ஈரோட்டுக்குத்தான் போக வேண்டும். ஜப்பானிலோ டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே உள்ள 515 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் கடக்கிறார்கள், வழியில் ஒரு லெவல் கிராசிங்கூட இல்லாமல். கோவையிலிருந்து சென்னையும் கிட்டத்தட்ட அதே தூரம்தானே என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இன்னொன்று, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒசாகா ரயிலில் சாப்பாட்டு வண்டி வரும் என்று காத்திருக்காதீர்கள். சாதாரண வகுப்பில் தள்ளுவண்டியை 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். ஏறுவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். என் கையில் அமுச்சி சுட்டுக் கொடுத்த கச்சாயம் இருந்தது, பிழைத்தேன்.

அண்ணன் இன்னும் பாஸுக்குப் பணம் கட்டவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் திருப்பூர் போகிறேன். இதோ, இதே டேப்தான். அண்ணியின் புதுப் பெட்டியை உங்கள் கண் முன்னால் அளந்து காட்டுகிறேன்.