தன் றெக்கையைத் தானே கையால பிடிச்சுக்கிட்டுப் பறக்குற ஓணான்!

[காட்சி: பாக்குத் தோப்பு. கேமரா ஒரு மரத்தண்டு மேல மெதுவா ஏறுது.]

இந்த மரத்தை நல்லா உத்துப் பாருங்க. வெறும் பட்டைதானே தெரியுது? இப்போ... அந்தா! மஞ்சளா ஒண்ணு படக்குனு நீண்டு உள்ளே போச்சு பாருங்க. அது ஆண் பறக்கும் ஓணானோட தாடைக்குக் கீழ இருக்கிற தொங்குதோல். அரை மணி நேரமா இதே மரத்தடியில நிக்கிறேன். அந்த மஞ்சள் மட்டும் அசையலைன்னா, கண்ணுலயே பட்டிருக்காது.

பேரு டிராகோ துசுமியெரி. 1837-ல ரெண்டு பிரெஞ்சு விஞ்ஞானிங்க வெச்ச பேரு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடும், அதை ஒட்டின தோப்பும்தான் வீடு. சாப்பாடு பெரும்பாலும் எறும்பு. அவ்வளவுதான் அறிமுகம், விஷயத்துக்கு வருவோம்.

பாக்கு மரத்துல கிளையே கிடையாது. மரத்துக்கு மரம் ஒன்பது அடி விட்டு நடுவாங்க. இந்த மரத்து எறும்புச் சாரி தீர்ந்துபோச்சுன்னா, அடுத்த மரத்துக்கு எப்படிப் போறது? இறங்கி, நடந்து, மறுபடி ஏறணும். இவரு அதெல்லாம் பண்றதில்ல. தலைகீழாப் பாய்வார்.

[காட்சி: மெதுவா ஓடும் படம்.]

இங்கதாங்க அழகே! பக்கத்துக்கு ஐந்தாறு விலா எலும்பு நீளமா வளர்ந்து, குடைக்கம்பி மாதிரி தோலுக்குள்ள மடங்கிக் கிடக்கும். பாய்ஞ்சதும் குடை விரியும். வௌவாலுக்குக் கைதான் றெக்கை. இவருக்கு விலாதான் றெக்கை, கை ரெண்டும் சும்மா இருக்கு. அந்தக் கையை என்ன பண்றார்னு கர்நாடகாவில ஆகும்பே காட்டுல கவனிச்சு, 2017-ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. காத்துல பறக்குற முந்தானையை எட்டிப் பிடிப்போமே, அந்த மாதிரி கையைப் பின்னால கொண்டுபோய் றெக்கையோட முன் ஓரத்தைப் பிடிச்சுக்கிறார்! மரம் கிட்ட வர்ற வரைக்கும் பிடியை விடுறதில்ல. கடைசி நொடியில கையை விடுவிச்சு, தலையைத் தூக்கி, தண்டைக் கட்டிப் பிடிச்சுக்குவார். றெக்கையை ஒரு தடவைகூட அடிக்கல, முழுக்கச் சறுக்கல்தான். இந்தக் காட்சியை நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன்னு கணக்கே இல்ல.

பொம்பள ஓணான் மட்டும் முட்டையிடத் தரைக்கு இறங்கும். மூக்கால மண்ணைக் கிளறிக் குழி பறிச்சு, முட்டை போட்டு மூடிட்டு மேலே ஏறிடும். அதனால தோப்புல நடக்கும்போது காலடியையும் கொஞ்சம் பார்த்துக்கோங்க. பிடிச்சு விளையாட மட்டும் வேண்டாம், அந்தத் தோல் கிழிஞ்சா அதோட பிழைப்பே போச்சு.

உங்க ஊர்ப் பக்கம் இதுக்கு வேற பேரு இருக்கா? கமெண்ட்ல எழுதுங்க, எல்லாத்தையும் நான் படிப்பேன்.