சத்தம் குறைந்த தோட்டாவும் டெக்சாஸ் பன்றிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

சைலன்சர் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் சூடான குழாய் நினைவுக்கு வந்திருக்கும். கெண்டைக்காலில் சூடு வாங்கியவர்களுக்கு நிச்சயம் வந்திருக்கும். மற்றவர்களுக்கு, கறுப்புக் கையுறை அணிந்த சினிமா வில்லன் துப்பாக்கி முனையில் எதையோ திருகி மாட்டிவிட்டு 'புஸ்' என்று சுடும் காட்சி. இன்று நான் பேச வந்திருப்பது துப்பாக்கியில் மாட்டும் சைலன்சரைப் பற்றித்தான். ஆனால் அதற்கு மோட்டார் சைக்கிள் குழாய்தான் நெருங்கிய உறவு. சினிமாவை மறந்துவிடுங்கள். அதை மறக்க எனக்கே ஓர் இரவு தேவைப்பட்டது.

நான் வசிப்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் நடுப்பகுதி. பிழைப்பு கணினியோடு. பக்கத்து நிலத்துக்காரர் எழுபதைத் தாண்டிய விவசாயி, மக்காச்சோளம் போடுகிறவர். ஒரு மார்ச் மாதக் காலையில் என்னைக் கூப்பிட்டுத் தன் வயலைக் காட்டினார். முந்தின நாள்தான் விதைத்திருந்தார். விதை விழுந்த வரிசையிலேயே, கோடு பிசகாமல், மண் கிளறப்பட்டுக் கிடந்தது. பன்றிகள் மோப்பம் பிடித்தபடி வரிசையோடு நடந்து விதைகளைத் தின்றுவிட்டுப் போயிருந்தன. "நான் விதைக்கிறேன், அவை அறுவடை செய்கின்றன" என்றார் பெரியவர். சிரிக்கவில்லை.

அமெரிக்க மண்ணில் பன்றி ஒரு வந்தேறி. 1539இல் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியர் புளோரிடாவில் இறங்கியபோது உணவுக்காகப் பன்றிகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் வந்த குடியேறிகள் தங்கள் பன்றிகளை அவிழ்த்து மேயவிட்டார்கள். போதாதென்று 1930களில் டெக்சாஸ் பண்ணைக்காரர்கள் சிலர் வேட்டை விளையாட்டுக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை இறக்கினார்கள். எல்லாம் கலந்து இன்று நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேல், குறைந்தது 35 மாநிலங்களில், என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. நம் ஊர்க் காட்டுப்பன்றியும் இதே இனம்தான். ஆனால் அங்கே அது மண்ணின் சொந்த விலங்கு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் இருப்பது. ஆகவே நான் சொல்வதை ஊரில் உள்ளவர்கள் அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

டெக்சாஸில் பன்றி விஷயத்தில் சட்டம் மிகவும் தாராளம். 2019 செப்டம்பர் முதல், தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி இருந்தால் வேட்டை உரிமம்கூட வேண்டியதில்லை. 2011இல் நிறைவேறிய சட்டம் காசு கொடுத்து ஹெலிகாப்டரில் ஏறிச் சுடவும் வழி செய்தது. 2017இல் வெப்பக் காற்று பலூனையும் சேர்த்தார்கள். பலூனில் போய்ப் பன்றி சுட்ட ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

பெரியவர் பலூனுக்குப் போகவில்லை. இரவில் உடல் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் தொலைநோக்கி, ஒலியடக்கி, அதாவது சைலன்சர், மாட்டிய ரைஃபிள், ஒலியின் வேகத்தை மிஞ்சாத தோட்டா. இவ்வளவுதான் அவர் ஆயுதம்.

துப்பாக்கிச் சத்தம் என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் பல சத்தங்கள். குழலின் வாயிலிருந்து சூடான வாயு பீறிட்டு வருவது முதலாவது. ஒலியடக்கி கவனிப்பது இதை மட்டும்தான். உள்ளே அடுக்கடுக்காகத் தடுப்புகள். வாயு ஒவ்வோர் அறையிலும் சுழன்று, விரிந்து, வேகமும் சூடும் குறைந்து வெளியேறுகிறது. உங்கள் மோட்டார் சைக்கிள் குழாயின் வேலையும் இதேதான். வேட்டை ரைஃபிளின் சத்தம் சாதாரணமாக 160 டெசிபலைத் தொடும். ஒரே ஒரு முறை 140 டெசிபல் விழுந்தாலும் காது கெடலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. ஒலியடக்கி குறைப்பது 20 முதல் 35 டெசிபல் வரை. கழித்துப் பார்த்தால் எந்த 'புஸ்' வருகிறது? எதுவும் வராது. எல்லையை ஒட்டியோ சற்றுக் கீழேயோ வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது சத்தம் குண்டினுடையது. காற்றில் ஒலி 20 டிகிரி வெப்பத்தில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அதை மிஞ்சும் குண்டு வழி நெடுகச் சாட்டை சொடுக்கியதுபோல் 'சடார்' என்ற ஒலியை இழுத்துக்கொண்டே பறக்கும். அது குழலுக்கு வெளியே பிறப்பதால் ஒலியடக்கியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அதை அடக்க ஒரே வழி, குண்டை ஒலியைவிட மெதுவாக அனுப்புவது. இதற்காகவே பெயர் பெற்றது 2011இல் முறைப்படி அங்கீகாரம் பெற்ற .300 பிளாக்அவுட் என்ற தோட்டா. அதன் மெதுவான வகையில் 14 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 305 முதல் 320 மீட்டர் வேகத்தில் போகும். இன்னும் சற்று வேகமாக விடலாமே என்று கேட்கலாம். குளிர்ந்த காற்றில் ஒலியே மெதுவாகிவிடும். பூஜ்ய டிகிரியில் அது 331 மீட்டர்தான். ஆகஸ்டில் அமைதியாக இருந்த தோட்டா ஜனவரி இரவில் 'சடார்' என்று காட்டிக்கொடுத்துவிடக்கூடாது என்பதற்குத்தான் இந்த இடைவெளி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேகமான குண்டு தன் சத்தத்தை முந்திக்கொண்டு பன்றியை அடையும். மெதுவான குண்டிலோ, குழலிலிருந்து கிளம்பிய சத்தம் குண்டை முந்திவிடும். நூறு மீட்டரில் ஒரு வினாடியின் நூறில் மூன்று நான்கு பங்கு வித்தியாசம். பன்றிக்கு அது போதாது என்பது வேறு.

இந்த அமைதிக்கு விலை உண்டு. அந்தக் குண்டு பன்றியைச் சேரும்போது கொண்டுவரும் ஆற்றல், அதே தோட்டாவின் வேகமான வகை குழலைவிட்டுக் கிளம்புவதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். சாதாரணக் குண்டு அந்த வேகத்தில் விரியாது. ஊசி துளைத்ததுபோல் போய்விடும், விலங்கு தப்பி ஓடிப் பல மணி நேரம் துடிக்கும். மெதுவான வேகத்திலும் மலர்ந்து விரிவதற்கென்றே செய்த குண்டு வேண்டும், அது விலை அதிகம். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்மேல் கெட்டியான குருத்தெலும்புக் கவசம் உண்டு. இதயமோ நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கும். மான் சுட்டுப் பழகியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

தவறு என்றதும் என் தவறைச் சொல்லியாக வேண்டும். பெரியவரோடு போன மூன்றாவது இரவு, துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்யப்பட்டிருந்தது. தெர்மல் திரையில் வெள்ளையாக ஒரு பன்றி. பக்கத்தில் நிற்கும் நடுத்தரப் பன்றி என்று நினைத்தேன். தெர்மல் கண்ணுக்குத் தூரம் தெரியாது. அருகில் நிற்கும் குட்டியும் தொலைவில் நிற்கும் பெரியதும் அதில் ஒன்றுபோலவே இருக்கும். உண்மையில் அது நூறு மீட்டரைத் தாண்டி நின்ற பெரிய பெட்டை. வேகமான குண்டாக இருந்தால் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. மெதுவான குண்டு அந்தத் தூரத்தில் குறியைவிட 20 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது. காலில் பட்டது. அது போட்ட கூச்சல் எந்த ஒலியடக்கியாலும் அடங்காதது. கூட்டம் மொத்தமும் மறைந்துவிட்டது. விடியும்வரை டார்ச் விளக்கோடு தேடி, ஓடைக்கரைப் புதரில் அதைக் கண்டுபிடித்து அதன் வேதனையை முடித்தோம். பெரியவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் தூரம் அளக்கும் லேசர் கருவி ஒன்றை என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குமேல் திட்டுவதற்கு என்ன இருக்கிறது?

அன்றுமுதல் என் கருத்து இதுதான்: ஒலி மிஞ்சாத தோட்டா ஐம்பது அறுபது மீட்டருக்குள், வீடுகளுக்கு அருகில், பொறுமைசாலியின் கையில் நல்ல கருவி. அதைத் தாண்டினால் ஒலியடக்கி மாட்டிய துப்பாக்கியில் சாதாரண வேகத் தோட்டா போடுவதே பன்றிக்குச் செய்யும் நியாயம். 'சடார்' கேட்கத்தான் செய்யும். ஆனால் அது குண்டு பறந்த வழி முழுவதும் பிறப்பதால் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பன்றிக்கு விளங்காது. திகைத்து நிற்கும், சில சமயம் சுட்டவரை நோக்கியே ஓடி வரும். மெதுவான தோட்டாவிலும் குண்டு உடம்பில் பட்டு எழும் 'தொப்' என்ற ஓசை பக்கத்தில் நிற்கும் பன்றிக்கு நன்றாகவே கேட்கும். வரிசையாக நின்று கொடுக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பாதுகாப்பு பற்றி ஒரே ஒரு செய்தி. .300 பிளாக்அவுட் தோட்டாவும் சாதாரண .223 தோட்டாவும் துப்பாக்கியில் செருகும் ஒரே தோட்டாப் பெட்டியில் அடங்கும். தப்பித்தவறி முன்னதைப் பின்னதன் துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், பெரிய குண்டு சின்னக் குழலுக்குள் நுழைய முடியாமல் துப்பாக்கியே வெடித்துவிடும். பெரியவர் ஒன்றுக்குச் சிவப்பு நாடா சுற்றி வைத்திருக்கிறார்.

ஒலியடக்கியைக் கண்டுபிடித்தவர் ஹிராம் பெர்சி மாக்சிம். இயந்திரத் துப்பாக்கி செய்த மாக்சிமின் மகன். அப்பா சத்தத்தைப் பெருக்கினார், மகன் 1909இல் அதை அடக்கக் காப்புரிமை வாங்கினார். இயந்திரங்களுக்கான சைலன்சரிலும் அவருக்குப் பங்கு உண்டு. வானொலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனமில்லை: 1914இல் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் என்ற அமெச்சூர் வானொலிச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவரே. 1934இல் அமெரிக்க அரசு ஒலியடக்கிக்கு 200 டாலர் வரி போட்டது. அந்தக் காலத்தில் பல துப்பாக்கிகளின் விலையைவிட அது அதிகம். தொண்ணூறு ஆண்டுகள் அசையாத அந்த வரி 2026 ஜனவரி முதல் பூஜ்யமாகிவிட்டது. பதிவும் பின்னணி விசாரணையும் அப்படியே இருக்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் பொதுமக்கள் வைத்திருக்கவே முடியாது. நார்வேயிலும் பின்லாந்திலும் வேட்டைக்காரர்கள் அதைச் சர்வசாதாரணமாக மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

சரி, இதனால் பன்றி குறைந்ததா? பெட்டைப் பன்றி எட்டு மாதத்துக்குள்ளேயே சினைக்குத் தயார். ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள். எண்ணிக்கை ஏறாமல் நிற்கவே ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்கிறார்கள் டெக்சாஸ் ஆய்வாளர்கள். ஒவ்வொன்றாகச் சுட்டு எந்தக் காலத்தில் முடிப்பது? டென்னசி மாநிலம் 1999இல் எல்லை இல்லாமல் சுடலாம் என்று திறந்துவிட்டது. வேட்டையில் ருசி கண்டவர்கள் பன்றி இல்லாத ஊர்களுக்கும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டார்கள். ஒரு மூலையில் இருந்த பன்றி மாநிலமெங்கும் பரவியது. 2011இல் கொள்கையைத் தலைகீழாக மாற்றினார்கள். மிசூரியிலோ, சுடாதீர்கள், தகவல் கொடுங்கள் என்று அரசே சொல்கிறது. சுட்டால் கூட்டம் சிதறி, பொறிக்குப் பழகிய பன்றிகளும் உஷாராகிவிடும் என்பது அவர்கள் அனுபவம்.

பெரியவரும் இப்போது வட்டமான கம்பிப் பட்டிதான் போடுகிறார். உள்ளே சோளம், மேலே கேமரா, கைபேசியில் படம். முதல் பன்றி நுழைந்ததும் கதவை இறக்கமாட்டார். கடைசிக் குட்டி உள்ளே வரும்வரை, சில சமயம் இரண்டு வாரம்கூட, காத்திருப்பார். சென்ற மாதம் பதினேழு பன்றிகள் ஒரே இரவில் மாட்டின. விடிகாலையில் .22 ரைஃபிளில் மெதுவான தோட்டா போட்டு, அதிகச் சத்தமில்லாமல் முடித்தார். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எழுந்திருக்கவில்லை.

ஒரே ஒரு கிழப் பெட்டை மட்டும் பட்டிக்கு வெளியே நின்று, உள்ளே மூக்கை நீட்டி, திரும்பிப் போய்விட்டது. நான்கு இரவுகளாகக் கேமராவில் அதே காட்சி. நேற்று மாலை பெரியவர் .300 ரைஃபிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பரண் அந்த இடத்திலிருந்து 45 மீட்டர், லேசரால் அளந்தாயிற்று. எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்.